சிலுவைக் கோட்பாடும் மகளிர் திருப்பணியும்

கிறித்தவத் திருச்சபைகளில் பெண்கள் ஆயராகலாமா என்னும் வினா பெரும்பாலும் பவுலின் மடல்களிலுள்ள தடைமொழிகளைக் கொண்டே விவாதிக்கப்படுகிறது. சிலுவையில் நிகழ்ந்தது யாது என்னும் வினா அதற்கும் அடியில் உள்ளது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1976ஆம் ஆண்டு இதற்குத் தக்க சான்று. தென்னிந்தியத் திருச்சபை அவ்வாண்டில் எலிசபெத் பால் என்பாருக்குக் குருப்பட்டம் அளித்தது. அச்சபையில் பெண்ணொருவர் அதனைப் பெற்றது அதுவே முதன்முறை. அதே ஆண்டு அக்டோபரில் வத்திக்கான் ‘இன்டர் இன்சிக்னியோரெஸ்’ என்னும் அறிக்கைவழிப் பெண்களுக்குக் குருத்துவம் இல்லை என உறுதிப்படுத்தியது. இயேசு பன்னிருவராக ஆண்களையே தேர்ந்தார் என்பதும் வழிவழி மரபுமே அதன் முதன்மைச் சான்றுகள். எனினும் அதன் துணைக் கருத்தே இங்கு நோக்கத்தக்கது. சிலுவைப் பலியைப் பீடத்தில் முன்னிலைப்படுத்தும் குரு கிறித்துவின் ஆளாக நிற்கிறார். அடையாளம் இயல்பான ஒப்புமை உடையதாதல் வேண்டும். எனவே அவர் ஆணாக இருத்தல் வேண்டும் என்பது அக்கருத்து. சீர்திருத்த மரபிலோ அப்பலி ஒரே முறையில் நிறைவுற்றது. நம்பிக்கையாளர் அனைவரும் குருக்களே. கத்தோலிக்கர் ‘திருப்பலி’ எனக் கூறும் வழிபாட்டைச் சீர்திருத்தச் சபையார் ‘திருவிருந்து’ என வழங்குவது இவ்வேறுபாட்டின் தமிழ்த் தடம். ஆயினும் கோட்பாடு மட்டும் கதவைத் திறந்துவிடவில்லை. 1947இல் தோன்றிய அச்சபை முதற்பெண் குருவுக்கு 29 ஆண்டுகளும், முதற்பெண் பேராயரான எகோனி புஷ்பலலிதாவுக்கு 2013 வரையும் காத்திருந்தது.

‘சிலுவை சுமத்தல்’ என்னும் வழக்கு இதன் மறுபக்கம். இல்லறக் கொடுமையைப் பொறுத்துக்கொள்ளப் பெண்ணுக்குச் சொல்லும் அறிவுரையாகவும் அது பயில்கிறது. கிறித்துவின் துன்பத்தை மீட்பாகப் போற்றுவதே இத்தகைய பணிவுக்கு இடந்தருகிறது என்று ஜோன் கார்ல்சன் பிரவுனும் ரெபெக்கா பார்க்கரும் 1989இல் வாதிட்டனர். சமத்துவத்துக்கு ஆதாரமாகும் கோட்பாடே அடக்குமுறைக்கும் துணையாகலாம் என்னும் அவர்தம் எச்சரிக்கை புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால் சிலுவையையே கைவிடுதல் தேவையில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

மாற்கு நற்செய்தியே அதற்குச் சான்று. தம் உயிரை மீட்புவிலையாகக் கொடுப்பது பற்றி இயேசு கூறுமிடத்தில் (10:45) வரும் ‘டியாக்கொனேயோ’ என்னும் கிரேக்க வினையே, சிலுவையைத் தொலைவிலிருந்து நோக்கிநின்ற பெண்களுக்கும் (15:41) வருகிறது. சீர்திருத்தச் சபையாரின் தமிழ் வேதாகமம் ஈரிடத்தும் ‘ஊழியம்’ என்றே பெயர்த்துள்ளமையால் இவ்வொப்புமை தமிழிலும் கேட்கிறது. ஆண் சீடர்களோ அதற்கு முன்னரே ஓடிவிட்டனர் (14:50). மேலும், ஊழியம் பற்றிய அந்த அறிவுரை முன்னரே ஊழியம் செய்துவந்த அப்பெண்களை நோக்கி எழவில்லை. அரியணையின் வலப்புறமும் இடப்புறமும் இருக்கை கேட்ட யாக்கோபு, யோவான் என்னும் இருவரின் வேண்டுகோளை ஒட்டியே (10:37) எழுந்தது.