உண்ண மறுக்கும் பிள்ளை: பக்தியா, பிடிவாதமா, நோயா?



தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பதும், வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்கள் நோன்பு காப்பதும் நமக்குப் பழக்கமானவை. ஆனால் பாஸ்கா திருவிழா முடிந்த பின்னும் ஒரு மகள் தட்டை ஒதுக்கி வைத்தால் என்ன சொல்கிறோம்? "பக்தி" என்கிறோம், "பிடிவாதம்" என்கிறோம், சிலர் "பேய்" என்றும் சொல்கிறோம். அது அனோரெக்சியா என்னும் நோயாக இருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

மரக்காணம் உப்பளக் கரையில் வாழும் நமக்கு, சோறு கிடைக்காத பசி தெரியும். சோறு இருந்தும் உண்ண மறுப்பது நகரத்துப் பணக்காரர் நோய் என்று நினைக்கிறோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அங்கே மனநல சிகிச்சைக்கு வந்த சிறுவர் மற்றும் வளரிளம் பருவத்தினரில் 41 பேருக்கு உணவு சார்ந்த கோளாறு இருந்தது. 35 பேருக்கு மன உளைச்சலால் வரும் வாந்தி. 6 பேருக்கு அனோரெக்சியா. எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் நோய் நம் மாநிலத்திலும் இருக்கிறது.

காரணங்கள்

1873-இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல் இந்நோய்க்குப் பெயரிட்டார். பசியின்மை என்பது அப்பெயரின் பொருள். உண்மையில் தொடக்கத்தில் பசி இருக்கும். பிள்ளை அதை அடக்கிக்கொள்கிறது. இதற்கு ஒரே காரணம் இல்லை. பரம்பரைக் கூறு உண்டு. எதிலும் குறை இருக்கக்கூடாது என்று தன்னையே வருத்தும் குணம் உண்டு. பருவ வயதின் உடல் மாற்றம், தேர்வுப் பயம், குடும்பத்தில் ஒரு இழப்பு, "குண்டு" என்ற ஒரு கேலிச்சொல் ஆகியவை அதைத் தூண்டிவிடலாம். பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு வந்தாலும் ஆண் பிள்ளைகளுக்கும் வரும். நம் நாட்டில் பலர் "எடை கூடிவிடும்" என்று சொல்வதில்லை; "வயிறு உப்புகிறது, இறங்கவில்லை" என்றே சொல்வார்கள். அதனால் பெற்றோர் வயிற்று மருந்தோடு நின்றுவிடுகிறார்கள்.

விளைவுகள்

உடல் மெலியும், எப்போதும் குளிரும், தலை சுற்றும், முடி கொட்டும். மாதவிடாய் நின்றுபோகும். எலும்பு தேயும். நாடித்துடிப்பு குறையும். இரத்தத்தில் பொட்டாசியம் என்னும் உப்பு குறைந்தால் இதயம் தடுமாறும். மனநோய்களிலேயே உயிரிழப்பு மிக அதிகமானவற்றுள் இதுவும் ஒன்று. மனமும் சுருங்கும். 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான ஆண்கள் ஆய்வுக்காக அரைப்பட்டினி இருந்தார்கள். அவர்கள் எரிச்சலும் சோர்வும் அடைந்து, இரவும் பகலும் உணவையே நினைத்தார்கள். ஆகவே பிள்ளையின் கோபமும் ஒதுங்கலும் பட்டினியின் விளைவாகவும் இருக்கலாம்.

நோன்பும் நோயும்

சீயன்னா நகரப் புனித கத்தரீன் மிகக் குறைவாகவே உண்டு, 1380-இல் 33 வயதில் இறந்தார். இதைப் புனிதத்தின் அடையாளமாகப் பலர் பேசுவதுண்டு. அவரோ இதை ஒரு நலக்குறைவாகவே கருதினார். மற்றவர்களைப் போல உண்ணும் வரம் கேட்டு இறைவனை மன்றாடுவதாகக் கடிதத்தில் எழுதினார். திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களுக்கே கடமை. 60-ஆம் வயது தொடங்கும்போது அது முடிகிறது. நோயுற்றவர்களை அது கட்டுப்படுத்தாது. எனவே உண்ண மறுக்கும் பிள்ளையின் நோன்பைப் புகழ வேண்டாம். அப்பிள்ளைக்கு உண்பதே கீழ்ப்படிதல்.

நாம் செய்ய வேண்டியவை

விடியுமுன் உப்பளத்துக்குப் போகும் தாய்க்கு, மகள் பகலில் உண்டாளா என்பது தெரியாது. பள்ளியிலும் அக்கம்பக்கத்திலும் கேட்டுப் பார்க்கலாம். மெலிவுக்குக் காசநோய், நீரிழிவு, தைராய்டு கோளாறு போன்ற காரணங்களும் உண்டு. முதலில் அரசு மருத்துவரிடம் காட்டுங்கள். மனநலத் துறை புதுச்சேரி ஜிப்மரிலும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் இருக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் தொலைபேசியிலும் ஆலோசனை கேட்கலாம். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென நிறைய ஊட்டுவதும் ஆபத்து; இரத்தத்தின் உப்புகள் சரிந்து உயிரே போகலாம். எவ்வளவு, எப்படி என்பதை மருத்துவர் சொல்லட்டும். பெற்றோர் தங்களைக் குற்றவாளிகளாக எண்ண வேண்டியதில்லை. பிள்ளையோடு அமர்ந்து, திட்டாமல், பொறுமையாக உண்ணவைக்கும் பெற்றோரே சிகிச்சையில் பெரிய துணை. பலர் முழுநலம் பெறுகிறார்கள்; அதற்கு மாதங்கள், சில வேளை ஆண்டுகள் ஆகும்.

யாயிரின் மகளுக்கு வயது பன்னிரண்டு. அவளை எழுப்பிய ஆண்டவர், அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி வீட்டாரிடம் சொன்னார் (மாற்கு 5:43). அந்தப் பொறுப்பு நம் வீட்டாருக்கும் உண்டு. இந்த வாரம் நம் பங்கில் மெலிந்து, ஒதுங்கி நிற்கும் பிள்ளை யார் என்று பார்ப்போம். அதன் உடலைப் பற்றி எதுவும் பேசாமல், அதன் பக்கத்தில் அமர்வோம்.