ஹம்தா கணவாய்

ஹம்தா கணவாய் என்பது இந்தியாவின் இமாச்சலப் பிரதேச மாநிலத்தில், இமயமலையின் பீர் பாஞ்சால் தொடரில் அமைந்துள்ள ஒரு கணவாய் ஆகும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,270 மீட்டர் உயரத்தில் உள்ள இது, குல்லு பள்ளத்தாக்கை லாகௌல் பகுதியின் சந்திரா ஆற்றுப் பள்ளத்தாக்குடன் இணைக்கிறது. கோடைக்கால மேய்ச்சலுக்கு ஆட்டு மந்தைகளை ஓட்டிச் செல்லும் இடையர்கள் இவ்வழியை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர்.

நிலத்தோற்றம்

பருவமழை மேகங்களை மலைத்தொடர் தடுப்பதால், குல்லு பக்கம் காடுகளும் புல்வெளிகளும் நிறைந்து காணப்படுகிறது. மழை மறைவுப் பகுதியான லாகௌல் பக்கம் மரங்களற்ற வறண்ட நிலமாகும். கணவாயைக் கடப்போர் இவ்விரு நிலத்தோற்றங்களையும் ஒரே நாளில் காண இயலும். வானம் தெளிவாக இருப்பின் 6,221 மீட்டர் உயரமுள்ள இந்திராசன் சிகரமும் தென்படும்.

மலையேற்றம்

மணாலிக்கு அருகிலுள்ள ஜோப்ராவில் தொடங்கும் பாதை சிக்கா, பாலு கா கேரா ஆகிய முகாமிடங்கள் வழியாகக் கணவாயை அடைந்து, சியா கோரு வழியாகச் சத்ரூவில் முடிவடைகிறது. இதற்குப் பொதுவாக நான்கு அல்லது ஐந்து நாட்கள் ஆகும். சூன் முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலமாகும். பாறையேறும் பயிற்சி தேவைப்படாததால், இது புதியவர்களுக்கு ஏற்ற மலையேற்றமாகக் கருதப்படுகிறது.

உயர நோய்

பாதை எளிதாயினும் உயரம் எளிதன்று. கணவாயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 விழுக்காடே ஆகும். ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிசனின் அளவும் குறைகிறது. தலைவலியுடன் குமட்டல், மயக்கம், மிகுந்த சோர்வு ஆகியன உயர நோயின் அறிகுறிகளாகும். நல்ல உடல்வலிமை உடையோரையும் இந்நோய் தாக்கக்கூடும். அறிகுறிகள் தோன்றினால் மேலும் ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். அவை கடுமையானால் தாமதமின்றிக் கீழிறங்குவதே உயிர்காக்கும் வழியாகும்.