முட்டுகிற மாட்டுக்கு ஒரு சனிக்கிழமை

சனிக்கிழமை காலை. யூதர்களின் ஜெப ஆலய மேடையில் தோல் சுருள் விரிந்திருக்கிறது. கையால் எழுதிய எபிரேய எழுத்துகள். உயிர்க்குறி இல்லை, நிறுத்தற்குறியும் இல்லை. வாசிப்பவர் சுருளை விரலால் தொடுவதில்லை. நுனியில் குட்டிக் கை ஒன்று சுட்டுவிரல் நீட்டியிருக்கும் வெள்ளிக்கோலை நகர்த்தியபடி ராகத்தோடு ஓதுகிறார். ஒரு சொல் பிசகினால், கேட்டுக்கொண்டிருப்பவர்களே குரல் கொடுத்துத் திருத்துகிறார்கள்.

மோசேயின் ஐந்து நூல்களான தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து, ஓராண்டில் வாசித்து முடிக்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பராஷா என்று பெயர். சிம்ஹாத் தோரா திருநாளில் கடைசி வரியை ஓதிய கையோடு முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் வரி தொடங்கிவிடும்.

பிப்ரவரியை ஒட்டி 'மிஷ்பாத்தீம்' வரும். சட்டங்கள் என்று பொருள். இரண்டாம் நூலான யாத்திராகமத்தில் 21 முதல் 24 வரையான அதிகாரங்கள். முந்தைய வாரம் சீனாய் மலை, இடி, மின்னல், பத்துக் கட்டளைகள். இந்த வாரமோ மூடாத குழி, திருடுபோன ஆடு, முட்டுகிற மாடு. சலிப்பூட்டும் பட்டியல் என்று தோன்றலாம். பக்கத்து நாட்டுச் சட்டங்களோடு சேர்த்துப் படித்தால் இதே பகுதி உயிர் பெற்றுவிடுகிறது.

1901-02இல் ஈரானின் சூசா நகரில் பிரெஞ்சு அகழ்வாய்வாளர்கள் இரண்டேகால் மீட்டர் உயரக் கருங்கல் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அதில் பொறித்திருந்தது பாபிலோன் மன்னர் ஹமுராபியின் சட்டம், கிறிஸ்துவுக்குச் சுமார் 1750 ஆண்டுகளுக்கு முந்தையது. அதிலும் முட்டுகிற மாடு உண்டு! மாடு முட்டும் என்று எச்சரித்தும் உரிமையாளர் கட்டிவைக்காமல் விட்டு, ஒருவர் செத்துப்போனால் அரை மீனா வெள்ளி அபராதம். 60 ஷெக்கெல் எடை ஒரு மீனா என்பது பாபிலோன் கணக்கு. ஆக 30 ஷெக்கெல்.

1940களில் பாக்தாத் அருகே தெல் ஹர்மல் மேட்டில் கிடைத்த, எஷ்னுன்னா என்ற பழைய அரசின் சட்டக் களிமண் பலகைகள் இன்னும் வியப்பானவை. ஒரு மாடு இன்னொன்றை முட்டிக் கொன்றால், உயிரோடிருக்கும் மாட்டின் விலையையும் செத்த மாட்டையும் இரு உரிமையாளர்களும் பங்கிட வேண்டும். தோராவும் அதே தீர்ப்பைத்தான் சொல்கிறது.

மனிதர் செத்தால் மட்டும் தோரா வேறு வழி போகிறது. மாட்டைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும், இறைச்சியைத் தின்னக் கூடாது. எச்சரித்தும் கேளாத உரிமையாளருக்கே மரண தண்டனை. மீட்புப் பணம் விதித்தால் அதைக் கட்டி உயிர் தப்பலாம். ஹமுராபி வெள்ளியோடு முடித்த விஷயம் இங்கே உயிர்ப்பழியாகிறது. ஆனால் அடிமை செத்தால் தோராவிலும் 30 ஷெக்கெல்தான். அந்த வரியை மறைத்துவிட்டுப் படிப்பது நேர்மையாகாது.

'கண்ணுக்குக் கண்' வருவதும் இதே பராஷாவில்தான். ஹமுராபியின் கல்லில் உயர்குடியார் கண்ணுக்குக் கண். சாமானியர் கண்ணுக்கு ஒரு மீனா வெள்ளி. யூதச் சட்ட அறிஞர்களான ரபிகளோ யாருடைய கண்ணையும் பிடுங்கச் சொல்லவில்லை. இது நஷ்டஈட்டைக் குறிக்கிறது என்று அவர்களின் விவாதத் தொகுப்பான தல்மூத்தின் பாவா காமா நூல் பக்கம் பக்கமாக வாதாடுகிறது. ஊனம், வலி, மருத்துவச் செலவு, வேலை இழப்பு, அவமானம் என ஐந்து வகையில் கணக்கிட்டுத் தர வேண்டும். 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் துருவா நகரில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷியின் தோரா உரையும் இதையே சொல்கிறது.

அந்த ஐந்தில் அவமானத்துக்கு, தல்மூத்தின் அடிப்படை நூலான மிஷ்னா ஒரு வழக்கைத் தருகிறது. சந்தையில் ஒருவன் ஒரு பெண்ணின் தலைத்துணியை விலக்கிவிட்டான். ரபி அக்கிவா 400 சூஸ் வெள்ளிக்காசு அபராதம் விதித்தார். அவன் அவகாசம் வாங்கிக்கொண்டு போய், அவள் வீட்டு முற்றத்தில் சல்லிக்காசு பெறுமான எண்ணெயிருந்த குடத்தை உடைத்தான். சிந்திய எண்ணெயை அள்ளித் தலையில் தடவிக்கொள்ள அவளே துணியை விலக்கினாள். சாட்சிகளோடு ஓடிவந்தான்: இப்படிப்பட்டவளுக்கா 400 சூஸ்?

தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்பவருக்குத் தண்டனை இல்லை, அவரைப் பிறர் காயப்படுத்தினால் உண்டு என்றார் அக்கிவா. பரம ஏழையும் சொத்திழந்த பெருங்குடி மகனே, ஆபிரகாமின் வம்சமே என்பது அவர் கட்சி. 400 சூஸில் ஒரு காசுகூடக் குறைக்கவில்லை.