மருந்துக்குப் பழகுவது யார்?

முன்பு ஒரே நாளில் காய்ச்சலைத் தணித்த மாத்திரை இம்முறை பலன் தராவிட்டால், "உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்று சொல்லிக்கொள்வது நம் மக்களின் வழக்கம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பொறுத்தவரை இது தவறான எண்ணம். மருந்துக்குப் பழகுவது உடம்பன்று. உடம்பில் குடியிருக்கும் பாக்டீரியா. உலக நலவாழ்வு நிறுவனம் 2015-இல் 12 நாடுகளில் ஏறத்தாழ 10,000 பேரிடம் கேட்டறிந்த ஆய்வில், மருந்தெதிர்ப்பு என்பது மனித உடலுக்கு நேர்வது என்று 76 விழுக்காட்டினர் கருதினர். சளிக்கும் ஃபுளூ காய்ச்சலுக்கும் இம்மருந்துகள் உதவும் என நம்பியோர் 64 விழுக்காட்டினர். இந்தியாவில் 75 விழுக்காட்டினர்.

இவ்விரண்டில் முதற்பிழையே எனக்குப் பெரிதாகப் படுகிறது. உடம்புதான் பழகுகிறது என்று நம்புகிறவர், தாம் விழுங்கும் மாத்திரையைத் தம் சொந்தக் காரியமாக எண்ணுவார். பாக்டீரியா பழகுகிறது என்று அறிந்தவருக்கோ, அதே மாத்திரை அண்டை வீட்டாரின் காரியமும் ஆகிவிடும்.

மருந்து செயற்படும் முறையைச் சிறிது பார்ப்போம். பாக்டீரியாவைச் சுற்றி உறுதியான செல்சுவர் ஒன்று உண்டு. பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் அச்சுவர் கட்டப்படுவதைத் தடுக்கின்றன. சுவர் குலைந்த பாக்டீரியா வெடித்து மடிகிறது. மனித செல்லுக்கு அத்தகைய சுவர் இல்லாமையால் நமக்குக் கேடில்லை. அசித்ரோமைசின் வேறு வழியில் செல்கிறது: பாக்டீரியா புரதம் செய்யும் ரைபோசோமைப் பற்றிக்கொண்டு அதன் வேலையை முடக்குகிறது. வைரஸுக்கோ செல்சுவரும் இல்லை, தனக்கென ரைபோசோமும் இல்லை. ஆகவே சளி, ஃபுளூ, டெங்கு போன்ற வைரஸ் நோய்களில் இம்மருந்துகள் தாக்குவதற்கு எதுவுமே கிடையாது. பெரும்பாலான சளியும் தொண்டை வலியும் சில நாட்களில் தாமாகவே அடங்குகின்றன. அந்நாட்களில் விழுங்கிய மாத்திரைக்கு அந்தப் பெருமை போய்ச் சேர்கிறது. அடுத்த முறையும் அதே மாத்திரையைக் கேட்டு மக்கள் மருந்துக்கடைக்கு வருகிறார்கள்.

வைரஸை ஒன்றும் செய்யாத மருந்து உடலுக்குள் சும்மா இருப்பதில்லை. நம் குடலில் பல இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை தீங்கற்றவை, பல நன்மை செய்பவை. தொண்டைக்கென விழுங்கிய மருந்து இவற்றின்மீதும் பாய்கிறது. எளிதில் மடிபவை மடிகின்றன. மரபணு மாற்றத்தால் தற்செயலாக எதிர்ப்பாற்றல் பெற்ற சிலவோ தப்பிப் பிழைத்து, காலியான இடத்தில் பெருகுகின்றன. நற்சூழலில் ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கக்கூடியது. இன்னும் அஞ்சத்தக்க செய்தி ஒன்று உண்டு. எதிர்ப்புக்குரிய மரபணுக்கள் பலவும் பிளாஸ்மிட் எனும் சிறு டி.என்.ஏ. வளையங்களில் தங்குகின்றன, ஒரு பாக்டீரியா அவ்வளையத்தை மற்றொன்றுக்கு, சில வேளை வேறோர் இனத்துக்கும், கைமாற்றிவிடும். தீங்கற்ற குடல்வாழ் உயிர் பெற்ற திறன் நோய் தரும் உயிரிடம் சேர்வது இவ்வாறே. பின்னொரு நாள் அதே மனிதருக்குச் சிறுநீர்ப்பாதைத் தொற்று வரும்போது, குடலிலிருந்து புறப்பட்ட பாக்டீரியா மருந்துக்கு அடங்க மறுக்கிறது. கழிவுநீர், குடிநீர், கழுவாத கை ஆகியவற்றின் வழியே அது பிறரையும் சென்றடைகிறது.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கார்பாபெனம் வகை மருந்துகள் மருத்துவமனைகள் கடைசிக் காப்பாக வைத்திருப்பவை. அவற்றையும் சிதைக்கும் என்.டி.எம்.-1 என்னும் நொதி, தில்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய சுவீடன் நாட்டு நோயாளி ஒருவரிடம் 2008-இல் முதன்முதலாக அறியப்பட்டது. சென்னை நோயாளிகளிடமும் அது இருப்பதை 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. மறு ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று, தில்லியில் எடுத்த 50 குழாய்நீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-இலும் அதன் மரபணுவைக் கண்டது. மாத்திரை எதையும் தொடாதவரும் அந்த நீரைத்தானே புழங்குகிறார்!

இந்த இடரை எவரும் முன்னுணரவில்லை என்று சொல்ல வழியில்லை. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியை ஆபிரகாம், செயின் ஆகிய ஆய்வாளர் இருவரும் 1940-இலேயே அறிவித்துவிட்டனர்; அம்மருந்து பரவலாகப் புழங்கத் தொடங்கியது அதன் பின்னரே. 1945 டிசம்பரில் தம் நோபல் உரையில், பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், எவரும் பெனிசிலினைக் கடையில் வாங்கும் காலம் வரக்கூடும் என்றும், அறியாதவர் குறைந்த அளவில் உட்கொண்டு நுண்ணுயிர்களை எதிர்ப்புடையனவாக்கிவிடுவர் என்றும் எச்சரித்தார். பிரிட்டன் 1947-இல் பெனிசிலினை மருத்துவர் சீட்டுக்குட்படுத்திச் சட்டம் இயற்றியது.

இந்தியாவிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2012-இல் மருத்துவச் சங்கங்கள் பல கூடி உருவாக்கிய 'சென்னைப் பிரகடனம்' ஒரு நடைமுறை வழியைக் காட்டியது. மருத்துவரே இல்லாத சிற்றூர்களில் எல்லா நுண்ணுயிர்க்கொல்லிகளையும் ஒரே நாளில் தடுத்துவிட்டால், நிமோனியா கண்ட குழந்தைக்கு மருந்து கிடைக்காமற் போகும்; ஆகவே உயர்நிலை மருந்துகளிலிருந்து கட்டுப்பாட்டைத் தொடங்குவதே அறிவு. 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த 'எச்1' அட்டவணை அப்பாதையில் அமைந்ததே. அதிலுள்ள மருந்துகளை விற்கும் கடைக்காரர், நோயாளி, மருத்துவர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும். ஆயினும் நாட்டில் மிகுதியாக உட்கொள்ளப்படும் அசித்ரோமைசின் அந்த 2014 பட்டியலில் இடம்பெறவில்லை. சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துதான் அதுவும். ஆனால் பதிவேடு இல்லாத விதியைக் கடையில் யார் பொருட்படுத்துகிறார்கள்?

ஒருநாள் கூலியை இழந்து மருத்துவமனையில் வரிசையில் நிற்க இயலாதவர் மருந்துக்கடைப் படியேறுவதை நான் குற்றமாகக் காணவில்லை. பழைய சீட்டைக் காட்டி இரண்டு நாளுக்கு மட்டும் வாங்குகிறார். கையில் அவ்வளவே காசு. சாதாரணச் சளிக்கும் இம்மருந்தை எழுதித் தந்து, அதைக் கேட்கும் பழக்கத்தை வளர்த்த மருத்துவருக்கும் இதில் பங்குண்டு. எனினும் அந்த நோயாளிக்கே நேரும் கேட்டை மறைக்கலாகாது. நாட்பட்ட இருமலுக்கு ஒருவர் லெவோஃப்ளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை வாங்கி விழுங்குகிறார். உள்ளிருப்பது காசநோய் என்றால் அம்மருந்து அதைச் சில காலம் அடக்கிவைக்கும். இருமல் தணியும், நோய் கண்டறியப்படுவது தள்ளிப்போகும், அதற்குள் வீட்டாருக்கும் அது தொற்றிவிடும். காசநோயைத் தீர்க்க உதவும் ஒரு மருந்துக்கே அக்கிருமி எதிர்ப்புப் பெறவும் கூடும். டைபாய்டு ஐயத்தில் செய்யும் குருதி வளர்ப்புச் சோதனையும் அவ்வாறே: முன்னதாக விழுங்கிய இரண்டு மாத்திரைகள் கிருமியை மறைத்துவிடுகின்றன.

2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாக்களால் உலகில் நேரடியாக 12.7 இலட்சம் பேர் இறந்தனர் என்பது 2022-இல் வெளியான மதிப்பீடு. பிறந்து சில நாளே ஆன குழந்தையின் குருதித்தொற்றும், அறுவைக்குப் பின் புண்ணில் ஏறும் சீழும் இக்கணக்கில் அடங்கும்.

ஆகவே மருந்துக்கடைக்குச் செல்லும் ஒவ்வொருவரிடமும் ஒன்று வேண்டுகிறேன். மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். அங்கே நெடுக்காகச் சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டில்லாமல் அதை வாங்காதீர்கள். மருத்துவர் எழுதித் தந்தால் அவர் சொன்ன நாளளவு தவறாமல் உட்கொள்ளுங்கள். மிஞ்சியதைப் பிள்ளைக்கோ அண்டை வீட்டாருக்கோ கொடாதீர்கள். காய்ச்சல் மூன்று நாளில் தணியாவிட்டாலும், மூச்சு வாங்கினாலும், தாமதியாமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். அங்கே மருத்துவரும் உண்டு, மருந்தும் இலவசம்.