கதவைத் தட்ட ஆளில்லை

லண்டனின் நினைவுப்பொருள் கடைகளில் சிவப்புத் தொலைபேசிக் கூண்டு விரல் உயரத்தில் விற்கிறது. பழைய பால் புட்டியும் எனாமல் விளம்பரப் பலகையும் பழம்பொருள் சந்தைகளில் நல்ல விலைக்குப் போகின்றன. டர்ஹம் பகுதியின் பீமிஷில் இருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகம் 1950களின் தெரு ஒன்றையே கட்டி எழுப்பியிருக்கிறது. பிரிட்டன்காரர்கள் காணாமல்போன தங்கள் அன்றாடத்தைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். அந்த ஏக்கத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பொருட்களை வீடு வீடாகச் சுமந்துவந்த மனிதர்களும் கூடவே போய்விட்டார்களே, அவர்கள் இடத்தில் இப்போது யார் வருகிறார்கள்?

பால்காரரையே எடுத்துக்கொள்வோம். 1980 வாக்கில்கூட வீடுகளுக்கு வாங்கிய பாலில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு வாசற்படிக்கு வந்து இறங்கியதுதான். பேட்டரியில் ஓடும் வண்டி விடியுமுன் தெருவுக்குள் நுழையும். வண்டியின் சத்தம் கேட்காது. புட்டிகள் உரசும் கிணுகிணுப்புதான் கேட்கும். ஒரு புட்டி ஒரு பைன்ட், அதாவது 568 மில்லி. மூடி வெள்ளி நிறமென்றால் மேலே ஏடு மிதக்கும் சாதாரணப் பால். தங்க நிறமென்றால் ஜெர்சி, கெர்ன்சி மாடுகளின் கெட்டிப்பால். அந்த ஏட்டுக்காகவே குருவிகள் மூடியைக் கொத்தின. நீலச் சிட்டுகள் இதைக் கற்றுக்கொண்டது 1921இல் சவுத்தாம்ப்டன் அருகே முதன்முதலில் பதிவாகி, பிறகு நாடெங்கும் பரவியது. பறவையின் கற்றல் குறித்த பாடங்களில் இன்றும் அந்தக் கதை வருகிறது.

கூடுதலாக ஒரு புட்டி வேண்டுமென்றால் காலிப் புட்டியின் கழுத்தில் சீட்டைச் சுருட்டிச் செருகிவைப்பார்கள். வாரக் கடைசியில் பால்காரர் கதவைத் தட்டிக் கணக்கு முடிப்பார். எந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, எந்த வீட்டுக்காரர் ஊரில் இல்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தனியாக இருக்கும் மூதாட்டி ஒருவரின் வாசலில் நேற்று வைத்த பால் எடுக்கப்படாமலே நின்றால், அவர் கதவைத் தட்டிப் பார்ப்பார். பதில் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்புவார். இதற்கு அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

குளிர்பதனப் பெட்டி வந்தது, பல்பொருள் அங்காடிகளின் மலிவான பிளாஸ்டிக் கேன் வந்தது. வாசற்படிப் பால் நூற்றுக்குச் சில பங்காகச் சுருங்கிவிட்டது. பிளாஸ்டிக் மீதான வெறுப்பாலும் 2020இன் ஊரடங்காலும் கண்ணாடிப் புட்டி ஓரளவு திரும்பியிருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் வாங்குகிறவர் செயலியில் பதிவுசெய்கிறார், பணம் கணக்கிலிருந்து தானே போகிறது. கதவைத் தட்ட வேண்டிய வேலையே இல்லை.

காஸ் மீட்டர்காரரும் அப்படித்தான். அன்று ஷில்லிங் நாணயம் போட்டால்தான் அடுப்பு எரியும். அவர் வந்து பெட்டியைத் திறந்து, சமையலறை மேசையில் காசைக் கொட்டி, அடுக்கடுக்காக எண்ணுவார். கட்டணம் போக மிச்சமிருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுப்பார். அந்தச் சில ஷில்லிங்குக்காகப் பிள்ளைகள் மேசையைச் சுற்றி நிற்பார்கள், அவருக்கும் ஒரு தேநீர் கிடைக்கும். இன்றைய ஸ்மார்ட் மீட்டர் கணக்கைத் தானே அனுப்பிவிடுகிறது. ஈமச் செலவுக்கென்று வாரம் சில பென்னி வசூலித்த காப்பீட்டுக்காரரும் ஒரு காலத்தில் தொழிலாளர் தெருக்களில் வீடு தவறாமல் ஏறி இறங்கியவர்.

நிலக்கரிக்காரர் ஐம்பது கிலோ மூட்டையை முதுகில் சுமந்ததையும், 1952 டிசம்பரில் லண்டனைச் சூழ்ந்த புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றதையும் மறந்துவிட்டு ஏங்குவது தவறு என்பார்கள் சிலர். நியாயந்தான். அந்தப் புகை போனதற்கு நானும் வருந்தவில்லை.

ஆனால் இன்றைய நிலவரம் என்ன? அந்நாட்டில் தனியாக வசிப்போர் 80 லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். தனிமையைக் கவனிக்கவென்றே 2018இல் ஓர் அமைச்சரை நியமிக்கவேண்டிய நிலை வந்தது. அதே காலத்தில், 2015 தொடங்கி, 6,000க்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகள் மூடப்பட்டன. அன்றாடம் இரண்டுமுறை வந்த தபால் 2004இலேயே ஒருமுறையாகிவிட்டது. ஒரு முதியவர் வாரத்தில் நாலு பேரிடம் பேசியது மொத்தமும் இப்படிச் சில்லறை வேலைகளின் வழியாகத்தான். மிஞ்சியிருப்பது தெருமுனைக் கடை. லண்டன் புறநகர்களில் பல கடைகளின் கல்லாவில் யாழ்ப்பாணத் தமிழர் உட்கார்ந்திருக்கிறார். ரொட்டி வாங்க வரும் கிழவியிடம் அவர் கேட்கும் "எப்படி இருக்கிறீர்கள்?" அன்று அவள் காதில் விழும் ஒரே மனிதக் குரலாக இருக்கக்கூடும்.

சிவப்புக் கூண்டுக்கு வருவோம். 1990களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் 90,000க்கு மேல் இருந்த பொதுத் தொலைபேசிகளில் இன்று கால்பங்குகூட இல்லை. கிராமங்கள் ஒரு பவுண்டு கொடுத்துக் கூண்டைத் தத்தெடுத்து நூலகமாக்கியிருக்கின்றன. இதயத்துடிப்பு திடீரென நின்றவருக்கு உதவும் கருவியையும் சில ஊர்களில் அதற்குள் வைத்திருக்கிறார்கள். அழகான ஏற்பாடு. ஆனால் கூண்டு வெறும் அலங்காரமாக நிற்கவில்லை. 2019 மே தொடங்கிய ஓராண்டில் மட்டும் பொதுத் தொலைபேசிகளிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை லட்சம் அவசர அழைப்புகள் போயிருக்கின்றன. கைப்பேசி எடுக்காத இடங்களில் உள்ளவற்றையாவது அகற்றக்கூடாது என்று விதி வந்தது அதன் பிறகுதான்.

அடுத்து மறையவிருப்பது வீட்டுச் சுவரிலிருந்து வரும் செம்புக் கம்பித் தொலைபேசி. 2027 ஜனவரிக்குள் எல்லா இணைப்புகளும் இணையவழிக்கு மாறவேண்டும். பழைய கம்பிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வரும். வீடு இருண்டாலும் பேசலாம். புதியதற்கு வீட்டு மின்சாரம் வேண்டும். தொலைபேசி இணைப்பின் வழியாக உதவி கேட்கும் அபாயப் பொத்தானைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வாழும் சுமார் 18 லட்சம் பேரில் பெரும்பாலோர் முதியவர்கள். விழுந்தால் அந்தப் பொத்தானை அழுத்துவதுதான் அவர்களுக்குள்ள வழி.

மின்வெட்டில் ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு போக வேண்டும், அதுதான் நிறுவனங்களுக்கான குறைந்தபட்ச விதி. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் அடித்தபோது வடக்கே சில ஆயிரம் வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கும் மேல் மின்சாரம் வரவில்லை. ஒரு மணி நேரம் போதும் என்று முடிவுசெய்தவர்கள் அந்த வாரத்தைக் கணக்கில் எடுத்தார்களா?