வீட்டில் விஞ்ஞானம்: கத்தோலிக்கக் கல்வி குறித்து
பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் பெற்றோரே என 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிரகடனஞ் செய்தது. ஐக்கிய அமெரிக்காவிலே பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி புகட்டும் கத்தோலிக்கக் குடும்பங்கட்கு இக்கூற்று ஆதாரமாக அமைகின்றது. அங்கு விஞ்ஞானக் கல்விக்குத் தடையாவது சமயக் கோட்பாடே எனக் கருதுவோர் உளர். ஆயின், மனித உடலின் கூர்ப்புப் பற்றி ஆராய்வதைத் திருச்சபை 1950இலேயே வரையறைகளுடன் அனுமதித்தது. கூர்ப்புக் கொள்கை வெறுங் கருதுகோளுக்கு மேலானதென 1996இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ஏற்றார். எனவே தடையை நாம் வேறிடத்திலே தேட முற்படுகின்றோம்.

அகுஸ்தீன் சபைத் துறவியான மெண்டலின் ஆய்வு இதற்கு வழிகாட்டும். அவர் மடத்துத் தோட்டத்தில் வளர்த்த பட்டாணியை எவ்வீட்டு வளவிலும் வளர்க்கலாம். ஆனால், 1856 முதல் 1863 வரை ஏறத்தாழ 28,000 செடிகளை அவர் ஆராய்தற்கு மடத்தின் நிலமும் நூலகமும், வியன்னாப் பல்கலைக்கழகத்திற் பெற்ற பயிற்சியும் துணைநின்றன. 1866இல் அச்சேறிய அவர்தம் முடிவுகள், 1900இல் பிறர் மீளக் கண்டு உறுதிப்படுத்திய பின்னரே விஞ்ஞான உலகின் உடைமையாயின.

விஞ்ஞானம் கூட்டுழைப்பின் விளைபொருள். பெரும்பாலும் தாயின் ஊதியமற்ற உழைப்பிலேயே தங்கியிருக்கும் வீட்டுக் கல்வி, ஆய்வுகூடத்தையும் பிறரது மறுப்பையும் பிள்ளைக்கு வழங்காவிடின், முடிவுகளை மட்டுமே கையளிக்கும். சோதித்தறியாத முடிவு, சரியானதாயினும், நம்பிக்கையாகவே எஞ்சும்.