பல்லே இல்லாத பிளேடு டைலை வெட்டுகிறதே, எப்படித் தெரியுமா?

தண்ணீரைத் தெளித்தபடியே டைல்ஸ் வெட்டும் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். அதில் சுழலும் வைர பிளேடுக்குப் பல்லே கிடையாது, தெரியுமா? மர ரம்பம் மாதிரி அது அறுப்பதில்லை. விளிம்பில், உலோகக் கலவைக்குள் புதைந்து கிடக்கும் வைரப் பொடிதான் டைலைத் தேய்த்துத் தேய்த்தே வழி உண்டாக்குகிறது! 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் டிரேசி ஹால் கடும் அழுத்தமும் வெப்பமும் கொடுத்து வைரத்தைச் செயற்கையாக உருவாக்கினார். கட்டட வேலை நடக்கும் இடங்களில் வைரம் பரவலானது அந்த வழியில்தான்.

வேகத்தைக் கேளுங்கள்! 250 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 130 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இதே வகை மோட்டார் இன்னும் வேகமாகச் சுற்றும். அங்கே விளிம்பின் வேகம் 160 கி.மீ.யையே நெருங்கிவிடும்!

எனக்குப் பெரிய ஆச்சரியம் வேறு. வெட்டு எந்தத் திசையில் போகும் என்பதை முடிவு செய்வது பிளேடே அல்ல! டைலைச் சுமந்துகொண்டு மேசை ஓடுகிறதே, அந்தத் தண்டவாளம்தான். பிளேடு லேசாகக் கோணி நின்றாலும் வெட்டு தண்டவாளத்தின் போக்கிலேதான் போகும். ஆனால் வெட்டுவாய் அகலமாகிவிடும். பிளேடின் பின்பாதி ஒரு பக்கத்தை உரசிக்கொண்டே இருக்கும். மேல்பூச்சு சில்லுச் சில்லாகப் பெயரும். டைல் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் இதைப் பார்க்க வேண்டாமா?

பார்ப்பது எவ்வளவு சுலபம் தெரியுமா? முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிளேடின் விளிம்போரம் மார்க்கரால் ஒரே ஒரு புள்ளி வையுங்கள். மேசைமீது ஒரு குச்சியை அசையாமல் இறுக்கி, அதன் நுனி முன்பக்கம் அந்தப் புள்ளியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வையுங்கள். இப்போது கையால் பிளேடைச் சுற்றி அதே புள்ளியைப் பின்பக்கம் கொண்டுபோங்கள், மேசையையும் தள்ளுங்கள். அங்கேயும் நுனி அதே அளவுக்குத் தொட்டால் பிளேடு நேர். இடைவெளி விழுந்தாலோ, இடித்தாலோ, மோட்டாரைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி ஒரு மயிரிழை நகர்த்த வேண்டும். ஏன் அதே புள்ளி? பிளேடு கொஞ்சம் நெளிந்திருந்தாலும் ஒரே புள்ளியில் அளந்தால் அந்த நெளிவு கணக்கைக் கெடுக்காது! எத்தனை அழகான யோசனை!

டைல் சாய்ந்து நிற்கும் கைடு அரை டிகிரி விலகினால் என்ன ஆகும் தெரியுமா? 600 மி.மீ. டைலில் 5 மி.மீ.க்கு மேல் கோணல்! 2 மி.மீ. ஸ்பேசர் போட்டு ஒட்டும் தரையில் அது எங்கே ஒளியும்?

இதைக் கண்டுபிடிக்க மூலைமட்டம்கூட வேண்டாம். ஒரு டைலின் நேரான விளிம்பைக் கைடில் சாய்த்து இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியை மட்டும் குப்புறத் திருப்பி, அதே விளிம்பை ஒரு நேர்ச்சட்டத்தில் பொருத்தி, வெட்டிய பக்கங்களைச் சேருங்கள். இடைவெளி தெரிகிறதா? உண்மையான பிழை அதில் பாதிதான். திருப்பி வைத்ததும் பிழையே தன்னை இரண்டு மடங்காகக் காட்டிக்கொள்கிறது! மர வேலைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒவ்வொரு முறையும் வெட்டிய பக்கத்தைக் கைடில் வைத்து நான்கு பக்கமும் சுற்றி வெட்டி, ஐந்தாவதாக முதல் பக்கத்திலேயே ஒரு பட்டையை எடுப்பார்கள். அந்தப் பட்டையின் இரு முனை அகலத்துக்கும் உள்ள வித்தியாசம், பிழையின் நான்கு மடங்கு!

சுவர் மூலையில் 45 டிகிரி சேர்ப்பு வாய் பிளப்பதும் இதனால்தான். மெஷின் ஒரு டிகிரி தவறினால், இரு துண்டும் சேரும் இடத்தில் இரண்டு டிகிரி!

தண்ணீர் எதற்குத் தெரியுமா? வைரம் கார்பன்தானே, காற்றில் சுமார் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதுவே கெடத் தொடங்கும்! தண்ணீர் சூட்டைத் தணிக்கிறது. கூடவே, நுரையீரலை அரிக்கும் சிலிக்கா தூசியையும் பிடித்துவைக்கிறது. அந்த ஆபத்து அவ்வளவு பெரியது. அதனால்தான் 2016-இல் அமெரிக்கா கொண்டுவந்த விதி, எட்டு மணி நேர வேலைக்கு ஒரு கன மீட்டர் காற்றில் சராசரி 50 மைக்ரோகிராம் சிலிக்காவுக்கு மேல் கூடாது என்கிறது.

எல்லாம் நேராக இருந்தும் பிளேடு வெட்ட மறுக்கிறதா? புதிது வாங்க ஓடாதீர்கள்! கெட்டியான போர்சலின் டைலை வெட்டி வெட்டி வைரத்தின் முனை மழுங்கியிருக்கும். அதைப் பிடித்திருக்கும் உலோகம் தேயாததால் உள்ளே இருக்கும் புது வைரம் வெளியே தலைகாட்ட முடியாது. உடைந்த சிமென்ட் சாலிட் பிளாக் ஒன்றை எடுத்து, தண்ணீர் ஓடவிட்டு, நாலைந்து வெட்டு போடுங்கள். சொரசொரப்பான அந்தக் கல் உலோகத்தை அரித்துவிடும். அடுத்த வரிசை வைரம் வெளியே வந்துவிடும்!